ஒரே மதிலில் சூரியனும் வீடும்: மட்டக்களப்பு இரட்டைத் தொகுதியின் கதை

கோட்டைமுனையான்:
அம்மம்மாவின் வீட்டு முன் மதிலைத் திருத்துகிறோம். நேற்று மேசன் பழைய சாந்தைக் கொத்திக் கழற்றியபோது, அடியில் இருந்த சுண்ணாம்புப் பூச்சில் நீல நிறத்தில் வரைந்த இரண்டு படங்கள் வெளியே வந்தன. ஒன்று உதயசூரியன், ஏழு கதிர்கள், அதில் ஒன்று கோணல். ஒரு முழம் தள்ளி ஒரு வீடு. வீட்டின் கீழே ஏதோ எழுதியிருக்கிறது. 'காசி' என்ற இரண்டு எழுத்துகளைத்தான் வாசிக்க முடிகிறது. மேசன் கொத்துவதை நிறுத்திவிட்டு, "தம்பி, இதை மூடவா விடவா?" என்று கேட்கிறார்.

சூரியன் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னம், வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம் என்பது எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே மதிலில், ஒரே கையால், ஒரே மையில் எப்படி வந்தன? ஒரு கட்சிக்காரர் எழுதியதை மற்றவர் அழிக்காமல் விட்டாரா? அம்மம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார், வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொள்கிறார், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. இங்கே மூத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

புளியந்தீவார்:
தம்பி, மூடவேண்டாம் என்று மேசனிடம் சொல்லும். அது 1977 ஜூலை மாதத்து மதில். அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் கூட்டணி இரண்டு பேரை நிறுத்தியது. செல்லையா இராசதுரை உதயசூரியனில் நின்றார், உணர்ச்சிக் கவிஞர் காசி ஆனந்தன் வீட்டில் நின்றார். தமிழரசுக் கட்சி அப்போது கூட்டணிக்குள்தான் இருந்தது. கட்சி ஒன்றுதான், சின்னம் இரண்டு. ஆகவே ஒரே கை இரண்டையும் வரைந்ததில் புதினம் இல்லை. புதினம் வாக்கு எண்ணும்போது நடந்தது.

கோட்டைமுனையான்:
ஒரு தொகுதிக்கு ஒரே கட்சி இரண்டு பேரை ஏன் நிறுத்தவேண்டும், ஐயா?

புளியந்தீவார்:
மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி என்பதால். இப்போதைய பிள்ளைகளுக்கு மாவட்டம், விருப்பு வாக்கு, தேசியப் பட்டியல்தான் தெரியும். அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்தில் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தனித்தனித் தொகுதிகள். கல்குடாவுக்கும் பட்டிருப்புக்கும் ஒவ்வோர் உறுப்பினர். நடுவில் இருந்த மட்டக்களப்புக்கு மட்டும் இருவர். பட்டினம், அதை ஒட்டிய ஊர்கள், காத்தான்குடி எல்லாம் அதற்குள். தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி இருக்கும் இடம் என்பதால், இருவருக்கும் ஒவ்வோர் ஆசனம் கிடைக்கட்டும் என்று 1959ஆம் ஆண்டு எல்லை மீள்நிர்ணயத்தில் அப்படிப் பிரித்தார்கள். மூதூரும் அப்படித்தான். கொழும்பு மத்தி மூன்று பேரை அனுப்பியது.

அதற்கு முன்பு இது ஒற்றைத் தொகுதி. 1947இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னலெப்பை வென்றார். 1952இல் ஒரு சுயேச்சை. இராசதுரை 1960இல் இரட்டைத் தொகுதி உருவானபோது வந்தார், அதன் பிறகு அசைக்க முடியவில்லை.

மீன்மகள்:
ஐயா, ஒரு திருத்தம். இராசதுரை வந்தது 1956இல், ஒற்றைத் தொகுதியாக இருந்தபோதே. தமிழரசுக் கட்சி நாடு முழுவதும் 10 ஆசனங்கள் வென்ற தேர்தல் அது. கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் நான்கும் கிடைத்தன.

புளியந்தீவார்:
சரி பிள்ளை, 56தான். 60 என்று எழுதியது என் பிழை. 56, 60 மார்ச், 60 ஜூலை, 65, 70, 77: ஆறு தேர்தலும் தொடர் வெற்றி. இடையில் 1967இல் மாநகர சபையின் முதல் மேயரும் அவரே. 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

அக்கரைப்பற்றான்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மீன்மகள் சொன்ன அந்த நான்கில் கல்முனையிலும் பொத்துவிலிலும் வீட்டுச் சின்னத்தில் வென்றவர்கள் முஸ்லிம்கள்: எம். எஸ். காரியப்பர், எம். எம். முஸ்தபா. இருவருமே பிறகு பண்டாரநாயக்கா அரசின் பக்கம் போய்விட்டார்கள். முஸ்தபா 1959 கடைசியில் தகநாயக்கா அமைச்சரவையில் நிதி அமைச்சராகவும் இருந்தார். கட்சி தாவல் என்றதும் எல்லோரும் இராசதுரையையே காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது 20 வருடம் முந்தியே தொடங்கிவிட்டது.

காத்தான்குடிக் காக்கா:
அது தாவலா, போன இடத்தில் ஊருக்கு ஏதாவது கொண்டுவரும் வழியா என்பதை அவரவர் ஊரில் கேட்டுப் பார்க்கவேண்டும். எதிர்க்கட்சி வாங்கில் இருந்து கொண்டு வாய்க்காலுக்கு மதகு கட்ட முடியாது.

படுவான்கரை:
காக்கா, அந்த மதகுக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் போகிறார்கள். எங்கள் ஆட்களும் அதையே சொல்லித்தான் போனார்கள். மதகு வந்ததா? எனக்கு வயது 38. எங்கள் ஊர் வாய்க்காலில் பிறந்ததிலிருந்து பனங்குற்றிதான் பாலம்.

புளியந்தீவார்:
தடம் மாறவேண்டாம். 1960இல் இரட்டைத் தொகுதி ஆனபின் இராசதுரையுடன் மாக்கான் மாக்கார் போனார். 65இலும் இரண்டாம் ஆசனம் முஸ்லிம் உறுப்பினருக்கே. போட்ட கணக்குப்படி நடந்தது. 1970இல் கணக்குத் தப்பியது. இராசதுரையோடு சுயேச்சையாக நின்ற பி. ஆர். செல்வநாயகம் வென்றார். இரண்டு பேரும் தமிழர். காத்தான்குடிக்கு உறுப்பினர் இல்லை.

77இல் நடந்ததற்கு விதை அந்த 70தான் என்பது என் எண்ணம். இரண்டையும் எடுக்கலாம் என்று அப்போதுதான் எங்கள் ஆட்களுக்கு ஆசை பிறந்தது.

கணக்கு வாத்தியார்:
ஆசை பிறந்தது சரி. அந்த ஆசைக்குக் கணக்கு இடம் கொடுக்குமா என்று யாராவது பார்த்தார்களா?

இரட்டைத் தொகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. இரண்டு புள்ளடியையும் இரண்டு பேருக்குப் பிரித்துப் போடலாம், ஒரே ஆளுக்கே இரண்டையும் போடலாம். விளையாட்டு இந்த இரண்டாவது வசதியில்தான் இருக்கிறது.

100 பேர் இருக்கிற ஊர் என்று வையுங்கள். மொத்தம் 200 வாக்கு. சிறிய சமூகத்தில் 34 பேர். அவர்கள் ஒரே ஆளை நிறுத்தி, இரண்டு புள்ளடியையும் அவருக்கே போட்டால் அவருக்கு 68. பெரிய சமூகத்தின் 66 பேரிடம் 132 வாக்கு. அதை இரண்டு வேட்பாளருக்குச் சரி சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு 66தான். இரண்டாவது ஆசனம் சிறிய சமூகத்துக்குப் போகும். ஒருவரை 69க்கு உயர்த்தினால் மற்றவர் 63க்கு இறங்குவார். என்ன செய்தாலும் ஒன்று போகும்.

ஆகவே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய எந்தக் கூட்டமும், ஒற்றுமையாக நின்றால், ஓர் ஆசனத்தைப் பிடித்துவிடும். அந்தக் கூட்டம் இரண்டாக உடைந்தால் மட்டுமே மற்றவர்கள் இரண்டையும் எடுக்கலாம். அப்போதும் தங்கள் வாக்கைத் தராசில் நிறுத்ததுபோல் சரிபாதியாகப் பங்கிடவேண்டும். ஆயிரக்கணக்கான மனிதர்கள் தனித்தனி மறைப்புக்குள் நின்று அப்படிச் சரிபாதி பிரிப்பார்கள் என்று நம்புகிறவர் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு லட்டுப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கட்டும்.

கோட்டைமுனையான்:
சேர், இப்போதுதான் விளங்குகிறது. அப்படியானால் மதிலில் சூரியனும் வீடும் அருகருகே இருப்பது 'ஒன்று இதற்கு, ஒன்று அதற்கு' என்று சொல்லத்தானா?

கணக்கு வாத்தியார்:
அதற்குத்தான். கட்சியின் கட்டளை அது. கட்டளையைக் கேட்காதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

புளியந்தீவார்:
நான் அப்போது அரசாங்க எழுதுவினைஞர். வாக்கு எண்ணும் கடமை கிடைத்தது. ஒரு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன், அதைக் கொண்டு முழுத் தொகுதியையும் அளக்கவேண்டாம். வாக்குச் சீட்டை விரித்து மேலே பிடிப்போம், முகவர்கள் பார்ப்பார்கள். சூரியனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வரும்போது கூட்டணி முகவர் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். சூரியனுக்கு இரண்டும் விழுந்த சீட்டு வந்தால் ஒருவர் பெருமூச்சு விடுவார், பக்கத்தில் நின்றவர் வெற்றிலைக் கறை தெரியச் சிரிப்பார். வீட்டுக்கு இரண்டும் விழுந்தால் அப்படியே மாறி நடக்கும். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியின் முகவர்கள்!

முடிவு எல்லோருக்கும் தெரியும். இராசதுரை முதலாவது. யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சியின் அகமது பரீத் மீராலெவ்வை இரண்டாவது. காசி ஆனந்தன் மூன்றாவது, வெளியே. இத்தனைக்கும் கைச் சின்னத்துச் சுதந்திரக் கட்சி, கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூத்தை மட்டக்களப்பில் நிறுத்தியிருந்தது. முஸ்லிம் வாக்கு யானைக்கும் கைக்கும் உடைந்தது. வாத்தியார் சொன்ன அந்த 'உடைந்தால் மட்டுமே' என்ற சந்தர்ப்பம் கைக்கு வந்திருந்தது. அப்படியும் விட்டோம்.

படுவான்கரை:
விட்டோம் என்று சொல்லாதீர்கள், ஐயா. விட வைத்தார்கள். 21 வருடமாக வென்றுவரும் மனிதருக்குப் பக்கத்தில், இளைஞர் எல்லாம் பின்னால் ஓடும் ஒரு கவிஞரை நிறுத்துவது எதற்கு? இரண்டாவது ஆசனத்துக்காகவா, முதலாவது ஆளைக் கவிழ்க்கவா? யாழ்ப்பாணத்துத் தலைமைக்கு மட்டக்களப்பான் ஒருவன் தலையெடுப்பது பிடிக்கவில்லை. எங்கள் அப்பா சாகும்வரை இதைத்தான் சொன்னார்.

புளியந்தீவார்:
உம்முடைய அப்பா மட்டுமில்லை, இந்த ஊரில் பாதிப்பேர் அதைத்தான் சொன்னார்கள். மற்றப் பாதி, இராசதுரையின் ஆட்கள்தான் கட்டளையை மீறி இரண்டு புள்ளடியையும் சூரியனுக்குப் போடச் சொல்லிக் காசியைத் தோற்கடித்தார்கள் என்று சொன்னது. நான் இரண்டையும் தேநீர்க்கடையில் கேட்டேன், இரண்டையும் நம்பினேன், எந்தக் கடையில் இருக்கிறேன் என்பதைப் பொறுத்து.

இன்று யோசித்தால், சதி தேவையே இல்லை. வாத்தியாரின் கணக்கு போதும். இரண்டு வேட்பாளரும் மற்றவர் தன்னைவிடக் கூட எடுத்துவிடுவாரோ என்று பயப்படுகிற ஏற்பாடு அது. ஆளுக்கு இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டு, 'ஒன்றைப் பங்காளிக்குப் போடு' என்றால் எந்த ஆதரவாளன் நிம்மதியாகப் போடுவான்?

மீன்மகள்:
படுவான்கரை அண்ணன், உங்கள் பட்டிருப்பையும் பாருங்கள். எஸ். எம். இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சியின் தலைவராகவே இருந்தவர், மட்டக்களப்பு மண்ணின் மனிதர். யாழ்ப்பாணம் அவரைத் தலையெடுக்கவிடவில்லை என்று சொல்ல முடியுமா? 1970இல் அவரைத் தோற்கடித்து யானைக்கு வாக்களித்தது பட்டிருப்பு மக்கள்தான்.

படுவான்கரை:
அது வேறு.

மீன்மகள்:
எப்போதும் 'அது வேறு'தான். கல்குடாவில் 65இலிருந்து தேவநாயகம் யானையில் மூன்று முறை தொடர்ந்து வென்றார், 77இல் நீதி அமைச்சரானார். தமிழர் வாக்களித்து, தமிழர் வென்று, அரசாங்கத்தில் இருந்தார். மட்டக்களப்பு மாவட்டம் ஒரு நாளும் ஒற்றைக் குரலில் பாடவில்லை. வாவியில் மீன்கூட ஒரே சுருதியில் பாடுவதில்லை என்கிறார்கள்.

காத்தான்குடிக் காக்கா:
இராசதுரை 79இல் அரசாங்கத்துக்குப் போனதற்கு 77இன் அந்தக் காயமும் ஒரு காரணம் என்று எங்கள் பக்கத்திலும் பேசுவார்கள். வாப்பாவுக்கு அவருடைய மேடைப் பேச்சில் அவ்வளவு பிரியம். 'வாக்கு யானைக்கு, காது இராசதுரைக்கு' என்பார்.

அவர் போனதற்காக அரசியலமைப்பையே திருத்தினார்களாமே, உண்மையா?

மீன்மகள்:
திருத்தம் உண்மை, காக்கா. 1978 அரசியலமைப்பின்படி கட்சியை விட்டால் ஆசனம் போய்விடும். 1979 பெப்ரவரியில் வந்த இரண்டாம் திருத்தம் அந்த முதலாம் பாராளுமன்ற உறுப்பினர்கள் விலகுவது, வெளியேற்றப்படுவது பற்றியது. அந்த வருடமே இராசதுரை பிரதேச அபிவிருத்தி அமைச்சர். திருத்தத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் யாருடைய காலின் அளவுக்குத் தைத்த செருப்பு என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அக்கரைப்பற்றான்:
எங்கள் பொத்துவில் தொகுதியும் 77இல் இரட்டை. முதல் ஆள் யானையின் ஜலால்தீன், இரண்டாவது சூரியனின் கனகரத்தினம். கனகரத்தினம் இராசதுரைக்கும் முந்தி, அதே வருடக் கடைசியிலேயே அரசாங்கத்துக்குப் போனார். 78 ஜனவரியில் கொழும்பில் வைத்துச் சுட்டார்கள். உடனே சாகவில்லை, 80இல்தான் இறந்தார். அதற்குள் இடைத்தேர்தல் முறை இல்லாமல் போயிருந்தது, அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதனை நியமித்தார்கள்.

கூட்டணி 77இல் எடுத்த 18 ஆசனங்களில் கிழக்குக்கு நான்கு. இரண்டு வருடத்துக்குள் அதில் இரண்டு கைமாறிவிட்டது. இரண்டுமே இரட்டைத் தொகுதி. தற்செயலா என்று வாத்தியார்தான் சொல்லவேண்டும்.

கணக்கு வாத்தியார்:
நான்கில் இரண்டை வைத்து விதி எழுதினால் மாணவனுக்குப் பூச்சியம் போடுவேன். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இரட்டைத் தொகுதி உறுப்பினர் ஒவ்வொரு நாளும் தன் பக்கத்தில் ஆளும் கட்சிக்காரன் ஒருவனைப் பார்க்கிறார். அதே தெரு, அதே பாடசாலை, அதே கச்சேரி அலுவலகம். அவன் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கிறது, இவர் போட்டால் கடிதம் திரும்பி வருகிறது. தனித் தொகுதிக்காரருக்கு அந்த ஒப்பீடு தினமும் முகத்தில் அடிக்காது.

கோட்டைமுனையான்:
இரட்டைத் தொகுதி எப்போது போனது?

புளியந்தீவார்:
78 அரசியலமைப்போடு. ஆனால் 82 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிவிட்டதால், 77இல் வந்த பாராளுமன்றமே 89வரை இருந்தது. மூன்று தொகுதியும் மாவட்டம் என்ற ஒரே பாத்திரத்தில் கலந்தது 89 பெப்ரவரித் தேர்தலில்தான். இப்போது மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம். தொகுதிகள் வாக்கு எண்ணும் பிரிவாக மட்டும் உயிரோடு இருக்கின்றன. வானொலியில் 'மட்டக்களப்பு தேர்தல் தொகுதி முடிவு' என்று வாசிக்கும்போது எனக்கு இன்னும் காது நிமிரும்.

அந்த 89இல் அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் வந்து நின்றார் தெரியுமா? எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். இங்கே வெல்லவில்லை, தேசியப் பட்டியலில் போனார். ஐந்து மாதத்தில் கொழும்பில் சுட்டுக் கொன்றார்கள்.

காத்தான்குடிக் காக்கா:
எங்களுக்கு 89 வேறு மாதிரி ஞாபகம். முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில் தொடங்கியது. கட்சிக்கு ஆசனம் கிடைக்கவேண்டுமானால் மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும் என்று சட்டம் இருந்தது. எங்கள் தலைவர் அஷ்ரஃப் பிரேமதாசாவிடம் பேசி, அதை 20இல் ஒன்றாக, ஐந்து வீதமாகக் குறைக்க வைத்தார். 88இல் வந்த 15ஆம் திருத்தம் அது. மட்டக்களப்பில் எங்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. சிதறிக் கிடக்கிற மாவட்டங்களுக்குத்தான் அது உயிர்.

வாத்தியார், உங்கள் 34 பேர் கணக்கு இப்போதும் ஓடுகிறதா?

கணக்கு வாத்தியார்:
வேறு உடையில் ஓடுகிறது, காக்கா. ஐந்து ஆசனத்தில் ஒன்று முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ். மீதி நான்கைத்தான் விகிதப்படி பங்கிடுகிறார்கள். பட்டியலுக்குள் யார் போவது என்பதை விருப்பு வாக்கு சொல்லும். மூன்று விருப்பு வாக்கு போடலாம். 77இல் சூரியனுக்கும் வீட்டுக்கும் இருந்த அதே இழுபறி இப்போது ஒரே சின்னத்துக்குள் எட்டு இலக்கங்களுக்கிடையே நடக்கிறது. இரவு முழுவதும் சுவரொட்டியில் பங்காளியின் இலக்கத்தைக் கிழிக்கிறவன் எதிர்க்கட்சிக்காரன் என்றா நினைக்கிறீர்கள்?

அக்கரைப்பற்றான்:
எங்கள் அம்பாறை மாவட்டத்துத் தமிழர் 2020இல் அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட விதம் கொடுமை. முன்னாள் புலித் தளபதி கருணா தனியாக நின்று 29 ஆயிரத்துக்கு மேல் எடுத்தார், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 25 ஆயிரத்துக்கு மேல் எடுத்தது. சேர்ந்திருந்தால் ஓர் ஆசனம். பிரிந்ததால் ஒன்றுமில்லை. பிறகு தேசியப் பட்டியலில் ஒருவரைக் கொடுத்துச் சமாளித்தார்கள். 2024இல்தான் வீட்டுக்கு மீண்டும் ஓர் ஆசனம் கிடைத்தது.

படுவான்கரை:
அதே 2020இல் மட்டக்களப்பில் விருப்பு வாக்கில் முதலாவது வந்தவர் சிறையில் இருந்தவர். முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானுக்கு 54,198. வீட்டில் வந்தவர்களில் ஒருவர் இராசமாணிக்கத்தின் பேரன் சாணக்கியன். பேரனுக்குப் பட்டிருப்பு கடனை அடைத்துவிட்டது, மீன்மகள். சந்தோஷமா?

மீன்மகள்:
சந்தோஷம்தான். 2024 நவம்பரில் நாட்டில் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி முதலாவது வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. வீட்டுக்கு மூன்று, திசைகாட்டிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. யாழ்ப்பாணமே திசைகாட்டிக்குப் போனபோது இங்கே வீடு நின்றது. உங்கள் அப்பா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?

படுவான்கரை:
'அது வேறு' என்று சொல்லியிருப்பார்.

கோட்டைமுனையான்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். நீங்கள் எழுதியதை எல்லாம் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாத்தியாரின் 34, 66 கணக்கை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, தமிழர் சூரியனுக்கும் வீட்டுக்கும் போட்டார்கள், சோனகர் யானைக்கும் கைக்கும் போட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களே, என்னிடம் கேட்டீர்களா என்றார்.

மதிலில் வரைந்தது அவருடைய தம்பி. இரவில் அரிக்கன் லாம்பு பிடித்தது அம்மம்மா. கோணல் கதிருக்குக் காரணம் லாம்பு ஆடியதாம். ஆனால் வாக்குச் சாவடியில் முதல் புள்ளடியைச் சூரியனுக்குப் போட்டார், இரண்டாவதை யானைக்குப் போட்டார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு வரும் ஒரு வியாபாரி, என் அம்மாவின் பூப்புனிதச் சடங்குக்குச் சீலை கடனாகக் கொடுத்திருந்தார். ஒன்பது மாதம் தவணை கேட்கவில்லை. தேர்தலுக்கு முதல் கிழமை வந்து, "பிள்ளை, உங்களிடம் இரண்டு இருக்கிறதுதானே, ஒன்றை எங்கள் ஆளுக்குத் தாருங்கள்" என்று கேட்டாராம். இரண்டு இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன் என்கிறார்.

தம்பிக்கு இது கடைசிவரை தெரியாது. காசி ஆனந்தன் தோற்ற இரவு அவர் சாப்பிடவில்லையாம். அம்மம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாராம், ஒன்றும் சொல்லாமல்.

காத்தான்குடிக் காக்கா:
தம்பி, அந்த வியாபாரியின் பெயரை இங்கே போடவேண்டாம். எந்தத் தெரு என்று மட்டும் அம்மம்மாவிடம் கேட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் மூத்தப்பாவும் கோட்டைமுனைப் பக்கம் சைக்கிளில் சீலை விற்றவர்.

கோட்டைமுனையான்:
கேட்டேன், காக்கா. தெரு ஞாபகமில்லை, சைக்கிள் மணி ஞாபகம் இருக்கிறதாம். மேசன் நாளைக் காலை வருகிறார். சூரியனையும் வீட்டையும் விட்டுச் சுற்றிப் பூசச் சொல்லியிருக்கிறேன். அதற்கு வேறு கூலியாம்.